மகனோடு ஏழு மணித்தியாலம்

என் மகனுக்கு ஒன்றரை வயதாகும்வரை அவனை ஒருநாள்கூட நான் தனியாக வைத்துப் பார்த்ததில்லை. முதல் முறையாக அப்படிப் பார்த்தது ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்குப் போன ஒரு விமானத்தில். அங்கே என் மனைவியின் தமக்கையிடம் அவனை விட்டுவிட்டு வருவதற்காகப் போனேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். எனக்கு மிசிசாகாவில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடம். விடிய நாலரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டும். அது முடிந்து பின்னேரம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவேன். நான் போகும்போதும் மகன் நித்திரை, வரும்போதும் நித்திரை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கண்டால், வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோலத் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். நான் சிரித்துவிட்டு விடுவேன். உழைக்கிற தகப்பன்மார் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன்.

மனைவிக்கு நடந்துகொண்டிருந்ததையும் நான் அப்படித்தான் விட்டேன். பிள்ளை பிறந்து சில மாதங்களிலேயே அவளுக்கு நித்திரை போய்விட்டது. பிறகு சீப்பெடுத்துத் தலை இழுப்பதை விட்டாள். தொலைபேசி அடித்தால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், எடுக்கமாட்டாள். ஒரு ஞாயிறு, தரையில் இருந்து விளையாடிய பிள்ளையைக் காட்டி, "உவன் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை" என்றாள்.

"ஒரு வயசுப் பிள்ளையின்ர பார்வையில என்ன சரி, பிழை?" என்று கேட்டுவிட்டு நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். கிழமையில் அந்த ஒரு நாள்தான் எனக்குப் படுக்கக் கிடைக்கும். இருந்தாலும் அன்றைக்கு எழும்பி இருந்து, "என்ன சொல்லுறீர்?" என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் பிள்ளையை ஸ்ரோலர் வண்டியில் இருத்தி, உடுப்புத் தோய்க்க நிலக்கீழ் அறைக்குக் கொண்டு போயிருக்கிறாள். உடுப்பை இயந்திரத்துக்குள் போட்டாள். ஸ்ரோலரை அங்கேயே விட்டுவிட்டு மேலே வந்து படுத்துவிட்டாள். கட்டடத்தைப் பராமரிக்கிறவர் பிள்ளையைக் கண்டபோது அவனுக்கு அழுது அழுது குரல் அடைத்திருந்ததாம். பக்கத்து வீட்டு அன்ரிதான் அடையாளம் கண்டு மேலே கொண்டுவந்தார். திருகோணமலைக்காரி. எங்களுக்கு அந்தக் கட்டடத்தில் சொந்தம் என்று சொல்ல அவர் ஒருவர்தான். கதவைத் திறந்த என் மனைவி பிள்ளையைப் பார்த்து, "அது என்ர பிள்ளை இல்லை, அன்ரி" என்றாளாம். கோபமில்லாமல், வழி கேட்பவருக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள் என்று அன்ரி பிறகு என்னிடம் சொல்லி அழுதார்.

அன்றே அவளை ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை சிறுவர் நலன் பார்க்கும் ஓர் அதிகாரிப் பெண் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிசி. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பகலில் பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இப்போதைக்கு இரவும் பகலும் அன்ரிதான் வைத்திருக்கிறார், கன நாளைக்கு அவரால் ஏலாது என்றேன். ஒருவரும் இல்லையென்றால் தாய் சுகமாகும்வரை வேறொரு குடும்பத்தில் அவனை வைக்க வேண்டிவரும் என்று மிகவும் மெதுவாகச் சொன்னார். அவர் சொன்ன மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. 'வேறொரு குடும்பம்' மட்டும் மண்டைக்குள் நின்றது.

செய்தி கேட்டு லண்டனிலிருந்து மனைவியின் தமக்கை, என் மச்சாள், தொலைபேசி எடுத்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

"தம்பி, பிள்ளையை இஞ்சை கொண்டுவந்து விடுங்கோ. ஆறு மாசம் நான் பார்க்கிறன். அவள் சுகமாகி எழும்பட்டும். ஆரோ வீட்டில என்ர தங்கச்சியின்ர பிள்ளையை விடவேண்டாம்."

தாயில்லாமல் நான் தனியாகப் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டு போவதற்குத் தாயின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதைத் தட்டச்சு செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மருந்தினால் அவள் முகம் ஊதியிருந்தது. பேனையைக் கையில் கொடுத்ததும், "ஆருக்கு?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்கு."

அதற்குமேல் கேட்கவில்லை. வாசிக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் போட்டதுபோல உருண்டை உருண்டையான எழுத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் பேனையை மூடித் தந்தாள்.

இரவு விமானங்களில் இடமில்லை. பகலில் போகும் ஒன்றில்தான் கிடைத்தது. அது நல்லது என்று நினைத்தேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏன் இரவில் ஏறுகிறார்கள் என்பதை அறியாத ஆள் நான். அன்ரிதான் பையை அடுக்கித் தந்தார். பிசைந்த சோறும் பருப்பும் ஒரு சின்னப் போத்தலில், பிஸ்கட், டயப்பர், மாற்றுச் சட்டைகள், சிவப்புக் கார் ஒன்று, படப் புத்தகம் ஒன்று, கிலுகிலுப்பைபோலப் பயறு போட்டு மூடி ஒட்டிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று, ஒரு துணி முயல்.

"தம்பி, விளையாட்டுச் சாமானை ஒரேயடியா வெளியில எடுத்திடாதேங்கோ. ஒண்டு சலிச்சால்தான் மற்றதைக் காட்டவேணும். ஏழு மணித்தியாலம், விளங்குதோ?"

"ஓம், அன்ரி."

"அவன் அம்மாவைக் கேட்டால் இல்லையெண்டு சொல்லாதேங்கோ. வேற ஏதும் காட்டுங்கோ."

விமானம் ஓடுபாதைக்குப் போக முன்னரே அவன் அழத் தொடங்கினான். பயத்தில் நான் காரை எடுத்தேன். அவன் அதைத் தட்டிவிட்டான். புத்தகத்தை எடுத்தேன், பிறகு போத்தலை, பிறகு முயலை. நாங்கள் மேகத்துக்கு மேலே ஏறிய நேரம், அன்ரி ஏழு மணித்தியாலத்துக்கு என்று தந்த எல்லாம் என் காலடியில் கிடந்தன. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை இல்லை. மடியில்தான் வைத்திருக்க வேண்டும். அவனோ என் மடியைத் தவிர வேறெங்கும் இருக்கத் தயார். வில்லுப்போல முதுகை வளைத்து வழுக்கிக் கீழே இறங்குவான். தூக்கினால் கீச்சிடுவான். ஒவ்வொரு முறையும் முன்னிருக்கையில் அவன் கால் பட்டது. முன்னே இருந்த பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பக்கத்து மனிதர் தன் புத்தகத்தை மூடி, பின்னால் வெறுமையாக இருந்த ஓர் இருக்கைக்கு எழும்பிப் போனார். போகும்போது என்னைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பைவிட ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அம்மா" என்றான் மகன்.

"இஞ்சை பாருங்கோ, வெளியில பாருங்கோ, வெள்ளையா இருக்கு" என்றேன்.

"அம்மா."

எனக்கு ஒரு பிள்ளைப்பாட்டும் தெரியாது. ஒரு கதையும் தெரியாது. அவனுக்கு எந்தச் சத்தம் பிடிக்கும், எந்த இடத்தில் கூச்சம், எப்படிப் பிடித்தால் அடங்குவான், ஒன்றும் தெரியாது. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். என் வாயில் அந்தப் பெயர் எவ்வளவு பழக்கமில்லாமல் இருந்தது என்பது எனக்கே கேட்டது. இடைவழியில் முன்னும் பின்னுமாக அவனைக் கொண்டு நடந்தேன். இருக்கைகளில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிறான் என்று நினைப்பார்களோ என்று ஒரு கணம் பயந்தேன். சட்டைப்பையில் இருந்த சம்மதக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது மணித்தியாலத்தில் அவனுக்கு வயிற்றால் போனது. கழிப்பறைக்குள் ஒரு சின்னப் பலகையை மடித்து இறக்கி, அவனை அதில் கிடத்தினேன். டயப்பர் மாற்றுவதை அதற்கு முந்திய இரண்டு கிழமைகளில்தான் அன்ரியிடம் பழகியிருந்தேன். அவன் உதறிய உதறலில் என் சட்டை, கை, சுவர் எல்லாம் அப்பிக்கொண்டது. விமானம் குலுங்கியது. பலகையில் அவன் வழுக்கினான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் துடைத்தேன். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவன், "அம்மா, அம்மா" என்று கத்தினான். திரும்பவும் கதவு தட்டப்பட்டது.

நான் அவன் தொடையில் அடித்தேன்.

அந்தச் சின்ன அறைக்குள் அது பெரிய சத்தமாகக் கேட்டது. அவன் அழுகையை நிறுத்திவிட்டான். என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய தாய் சொன்ன அந்தப் பார்வை இதுவோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு எனக்கு வந்தது. வெள்ளைத் தொடையில்லை அவனுக்கு, என்னைப்போல் கறுப்பு. ஆனாலும் விரல்கள் தெரிந்தன. அவனுக்குச் சட்டையை மாட்டி, மூடியிருந்த கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்து, அவனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலும் நான் அழவில்லை. முகம் கழுவலாம் என்றால் அந்தக் குழாயில் அமத்திப் பிடித்தால் மட்டும் தண்ணீர் வரும். விட்டால் நின்றுவிடும். ஒரு கையில் பிள்ளை. அரை முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மகனுக்கு இப்போது கல்யாண வயது. என்னைவிட உயரம். அந்த அடியைப் பற்றி நான் அவனிடமும் சொன்னதில்லை, அவன் தாயிடமும் சொன்னதில்லை.

கதவைத் தட்டியவர் ஒரு விமானப் பணிப்பெண். ஐம்பது வயதிருக்கும். என் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இரண்டு கையையும் நீட்டினார். பிள்ளை அவரிடம் போனான். என்னிடம் வர மறுத்தவன் முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் ஒரு சத்தமும் இல்லாமல் போனான். அவர் அவனைப் பின்னால் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்து, ஒரு அடுக்குப் பிளாஸ்டிக் குவளைகளோடு திருப்பித் தந்தார். கூடவே சாப்பாட்டுத் தட்டும் வந்தது.

மூடியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் இடத்தில் கட்டிய தட்டு. இடது மூலையில் சாலட், அதற்குப் பக்கத்தில் பாண், பாணுக்குக் கீழே பட்டர், வலது கரையில் குவளை, கடதாசித் துண்டால் சுற்றிய முள்ளுக்கரண்டி. மூன்று வருடமாக ஓடுகிற பட்டியின் முன்னால் நின்று நான் இதைத்தான் அடுக்கினேன். ஒரு தட்டுக்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் தருவார்கள். உலகத்தில் எனக்கு மற்றவர்களைவிடத் திறமாகத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்.

தட்டிலிருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தேன். பிறகு அவனுக்கு முன்னால் ஒவ்வொன்றாக, வேலையில் செய்வதுபோலக் கடகடவென்று அடுக்கினேன். "பாண். பட்டர். கோப்பை. முடிஞ்சுது!" அவன் அசையாமல் பார்த்தான். குழப்பிவிட்டுத் திரும்ப அடுக்கினேன். மூன்றாம் முறை அவன் பட்டர் துண்டைத் தன் கையால் எடுத்து, குவளைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஐயோ, சூப்பவைசர் ஏசப்போறான்!" என்றேன்.

என் முகத்தில் என்ன கண்டானோ, சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன். எனக்கு ஒன்றரை வருடமாக மகன் இருந்தான்.

அப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அவன் பிழையாக அடுக்குவான், நான் ஏச்சு வாங்குவேன், அவன் சிரிப்பான். பிறகு கண்ணைக் கசக்கினான். தோளில் போட்டேன். தாலாட்டுத் தெரியாததால், நான் தினமும் வேலைக்குப் போகும் சுரங்க ரயிலின் நிலையங்களைக் காதுக்குள் மெதுவாகச் சொன்னேன். கென்னடி, வார்டன், விக்டோரியா பார்க், மெயின் ஸ்ட்ரீட், வூட்பைன், கொக்ஸ்வெல், கிறீன்வூட். டொன்லண்ட்ஸ் வரும்போது அவன் தலை பாரமாகிவிட்டது. வாய் திறந்து, எச்சில் என் கழுத்தில் வடிந்தது. ஒரு கை என் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது.

கை விறைத்தும் நான் அசையவில்லை. யன்னலுக்கு வெளியே பகல் மங்கிக்கொண்டு வந்தது. இவனைக் கொண்டுபோய் விடப்போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டிலிருந்து வெளிக்கிட்டபோது அழுகிற ஒரு பாரத்தைக் கைமாற்றப் போவதுபோலத்தான் இருந்தது. இப்போது அப்படியில்லை. இந்த விமானம் எங்கேயும் இறங்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று நினைத்தேன். இரண்டு வேலையையும் விட்டுவிட்டு இவனோடு இருக்கலாம் என்று நினைத்தேன். வாடகை எப்படி, அவளுடைய மருந்து எப்படி என்று அதே மனம் உடனே கேட்டது.

லண்டனில் குடிவரவு அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். தாய் எங்கே என்று கேட்டார். சுகமில்லை என்றேன். எவ்வளவு காலம் என்றார். ஆறு மாதம் என்றேன். நித்திரை குழம்பிய மகன் என் காது மடலைப் பிடித்து இழுத்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் முத்திரையைக் குத்தினார்.

வெளியே மச்சாளும் கணவரும் நின்றார்கள். மச்சாளுக்கு அச்சாக என் மனைவியின் முகம். மகன் அவரைக் கண்டதும் நிமிர்ந்தான். ஒரு கணம் கண் விரிந்தது. அவர் கிட்ட வந்து, "வாங்கோ, குஞ்சு" என்று குரல் கொடுத்ததும் அது தாயின் குரல் இல்லை என்று தெரிந்துவிட்டது. என் கழுத்தை இறுக்கிக்கொண்டு, அவரைக் காலால் உதைத்தான்.

"பாருங்கோ, அப்பாப் பிள்ளை!" என்று மச்சாள் சிரிக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

அப்பாப் பிள்ளை. அன்று காலையில் அப்படி ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு மூன்று நாள்தான் லீவு. இரண்டு இரவும் அவன் என் நெஞ்சில்தான் படுத்தான். நான் குளியலறைக்குப் போனால் கதவடியில் இருந்து தட்டினான். மச்சாள் ஊட்டினால் துப்பினான். என் கையிலிருந்து சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலை மச்சாள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

"தம்பி, சொல்லாமல் போங்கோ. சொன்னால் உங்களை விடான். நான் தண்ணி வாக்கக் குளியலறைக்குக் கொண்டு போறன், அந்த நேரம் வெளிக்கிடுங்கோ."

"ஒருக்காக் கொஞ்சிப்போட்டு..."

"வேண்டாம். அவனுக்குத்தான் கஷ்டம்."

மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவன் எதற்கோ சிரித்தான். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, வெளிப்படியில் நின்று போட்டேன். கள்ளன் போவதுபோலப் போனேன்.

ரொறன்ரோவில் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் யன்னலடியில் இருந்தாள். நான் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டதை யாரோ அவளுக்கு விளங்கச் சொல்லியிருக்க வேண்டும்.

"பிளேனில அழுதவனோ?"

"இல்லை. நல்ல பிள்ளையா வந்தவன். நீர் யோசிக்காதையும்."

"என்னைக் கேட்டவனோ?"

எதைச் சொன்னாலும் பிழை என்று அந்தக் கணத்தில் விளங்கியது. "இல்லை" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மனதில் அந்த 'இல்லை' எவ்வளவு காலம் கிடந்தது என்பது பிறகு பல வருடங்கள் கழித்து ஒரு சண்டையில்தான் எனக்குத் தெரியவந்தது.

அவள் வைகாசியில் வீட்டுக்கு வந்தாள். மூன்று வகை மருந்துக் குளிசை. மெலிந்த குரல். ஆனாலும் தலை இழுத்திருந்தாள், சமைத்தாள், தொலைபேசி அடித்தால் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு எடுப்போம். மச்சாள் அவன் காதில் தொலைபேசியை வைப்பார். முதல் மூன்று கிழமை அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு அவன் விளையாட ஓடிவிடுவான்.

ஆடி மாதத்தில் மச்சாளே அவனைக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் என் மனைவி புதுச் சட்டை ஒன்று போட்டு, எனக்கு ஒரு அடி முன்னால் நின்றாள். கதவு திறந்தது. அவன் நடந்து வந்தான். விட்டபோது தத்தித்தான் நடந்தான். இப்போது நல்லாய் ஓடினான். எங்களைக் கண்டதும் நின்று, மச்சாளின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அம்மா, தூக்குங்கோ" என்றான்.

"நான் பெரியம்மா, ராசா. அம்மா அங்கை நிக்கிறா, பாருங்கோ" என்றார் மச்சாள். அவருக்கு வேர்த்துவிட்டது. "நான் சொல்லிக் குடுக்கேல்லை, தங்கச்சி. சத்தியமா நான் சொல்லிக் குடுக்கேல்லை."

என் மனைவி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். என்னையும் அவன் பார்த்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற பழைய பார்வைகூட இல்லை. வழியில் நிற்கிற ஒரு ஆள்.

மச்சாள் பத்து நாள் நின்றார். அவன் அவரோடு படுத்தான், அவரோடு சாப்பிட்டான். பதினோராம் நாள் விடிய, அவன் எழும்ப முன்னர் அவரும் சொல்லாமல் வெளிக்கிட்டார். வேறு வழி எங்களுக்கு ஒருவருக்கும் தெரியவில்லை.

அவன் எழும்பினான். அறையில் தேடினான். குளியலறையில், அலுமாரிக்குள், கட்டிலின் கீழே தேடினான். பிறகு வாசல் கதவுக்கு முன்னால் போய் இருந்துகொண்டான். அழவில்லை. நான் தூக்கப் போனேன்.

"தூக்காதேங்கோ" என்றாள் மனைவி. "விடுங்கோ. இருக்கட்டும்."

அவள் வந்து அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். அவனைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எனக்கு வேலைக்கு ஏற்கெனவே பிந்திவிட்டது. விடியவே வந்து குசினிக்குள் நின்ற அன்ரி, "நான் நிக்கிறன், நீங்கள் போங்கோ" என்றார். கதவைத் திறக்க அவன் வழிவிட வேண்டியிருந்தது. மெதுவாக நகர்ந்து இடம் தந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வெளியே வந்து லிஃப்டுக்காகக் காத்து நின்றேன்.